சுண்டிப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

திங்கட்கிழமை மகளுக்கு ஆன்லைன் கிளாஸ் ஆரம்பம். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டுக் கடையில் ஒரு மணி நேரமாக நிற்கிறேன். மேஜைமேல் டிபன் பாக்ஸ் அளவில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள். விலையும் ஒன்று, கடைப்பெண் ஒப்பித்த ராம், ஸ்டோரேஜ் எல்லாமும் ஒன்று. எதை எடுப்பது? என்னையறியாமல் இரண்டையும் விரல் நகத்தால் சுண்டிப் பார்த்தேன்.

"இது என்னாங்க சார், ஊறுகா ஜாடியா?" என்று சிரித்தாள்.

ஜாடிதான். பீங்கான் சூளைக்குப் பக்கத்தில், குறையென்று கழித்த செகண்ட்ஸ் ஜாடிகள் விற்கும் கொட்டகையில், வைக்கோல் தூசுக்கு நடுவே அம்மா குந்திக்கொண்டு இப்படித்தான் சுண்டுவாள். கணீரென்றால் வாங்கலாம்; டொக்கென்றால் உள்ளே விரிசல். ஒருநாள் இரண்டு ஜாடிகள் ஒரே மாதிரி கணீரென்றன. மாற்றி மாற்றிச் சுண்டினாள். "ஏதாவது ஒண்ண எடு, மங்கலம்பேட்டை பஸ்ஸு போயிடும்" என்று அப்பா கத்தினார். அம்மா இரண்டையும் வைத்துவிட்டு, கழுத்தில் பூச்சு வழிந்து பழுப்புத் திட்டாய் நின்ற மூன்றாவதை எடுத்தாள்.

"செகண்ட்ஸுன்னா கொறை இல்லாம இருக்காது. இதோடது கண்ணுக்குத் தெரியுது. அதுங்களோடது வூட்டுக்குப் போனாதான் தெரியும்."

அப்பாவுக்கும் எனக்கும் அன்று ஒன்றும் புரியவில்லை. ஜாடி இன்னும் எங்கள் சமையலறையில் இருக்கிறது.

"இதுங்கள்ல என்னம்மா குறை?" என்று கேட்டேன்.

கடைப்பெண் முதலாளியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அதுல ஒண்ணும் இல்லீங்க. இதுல ஃபேன் கொஞ்சம் இரையும்."

"இந்த இரையறதையே குடும்மா."

ஒரு மணி நேரமாக என் முகத்தில் இருந்த குழப்பம் அவள் முகத்துக்குப் போயிருந்தது.