செங்கமேட்டுக்கு ஒரு ஞாயிற்றுப் பூசை

நல்லகுறிச்சிப் பங்கில் மொத்தம் ஆறு கோயில்கள். தாய்க்கோயில் நல்லகுறிச்சியில், இலுப்பூரிலிருந்து பதினொரு கிலோமீட்டரில் இருக்கிறது. மற்ற ஐந்தும் சுற்றுக் கிராமங்களில் உள்ள கிளைக் கோயில்கள். ஆறு கோயில்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் தாய்க்கோயில் அலுவலகத்தில் உள்ள பதிவேடுகளில்தான் ஏறும். 1986 ஆகஸ்ட் முதல் அவற்றை நான் எழுதிவருகிறேன். செங்கமேட்டுச் சந்தனமேரியைப் பற்றி இங்கே வரும் தேதிகளும் எண்களும் அந்த ஏடுகளில் உள்ளவை. மற்றவை நான் நேரில் கண்டதும் அவரே சொன்னதும்.

சந்தனமேரி பிறந்தது 1968 மார்ச் 3, விராலிமலைப் பக்கம். 1992 மே 20 அன்று செங்கமேட்டு மரியசூசையைக் கட்டிக்கொண்டு வந்தார். மரியசூசை போர்வெல் லாரியில் வேலை பார்ப்பவர். வருடத்தில் எட்டு மாதம் வடநாட்டில் இருப்பார். செங்கமேட்டில் சவேரியார் கோயில். 1999-இல் அங்கே கோயில்பிள்ளையாக இருந்தவர் இறந்தபோது அந்த வேலைக்கு ஆண்கள் யாரும் வரவில்லை. சந்தனமேரி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கூட்டுவது, மணி அடிப்பது, பீடத்துணி துவைப்பது, மாலையில் செபமாலை சொல்லிவைப்பது எல்லாம் அவர்தான். கடலைக் காட்டுக்குக் களை வெட்டப் போனாலும் காலை மணி அடித்துவிட்டுத்தான் போவார்.

கண்மாய்க்கு அக்கரையில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆலம்பட்டி. அங்கே அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே கூட்டம். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லாச் சனமும் வரும். இலுப்பூர் பஸ் அங்கே நின்று போகும். நிறுத்தத்துக்கே அந்தோணியார் கோயில் ஸ்டாப் என்று பெயர். செங்கமேட்டில் கை காட்டினால்தான் பஸ் நிற்கும், அதுவும் ஓட்டுநருக்கு மனம் இருந்தால்.

இதைச் சந்தனமேரியால் தாங்க முடியவில்லை. ஆலம்பட்டியில் நாற்பதடிக் கொடிமரம் நட்டார்கள் என்று கேட்டு, வீடு வீடாகப் போய்ப் பேசி நாற்பத்தொரு அடியில் ஒன்று நட வைத்தார். அங்கே தரைக்கு டைல்ஸ் போட்டபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மரியசூசை என்னிடம் சொன்னார். பீடத்துணிக்குச் சொட்டுநீலம் இரண்டு தடவை போடுவார். ஆலம்பட்டித் துணியைவிடத் தங்கள் துணி வெளுப்பு என்று இன்னாசி சாமி ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். இன்னாசி சாமி 2022 முதல் எங்கள் பங்குக் குருவானவர். அந்த ஒரு வார்த்தையைச் சந்தனமேரி ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் மேலாக அவரை வாட்டியது வேறொன்று. செங்கமேட்டுப் பெண்கள் பிள்ளை வேண்டியும் பிள்ளைக்கு நோய் தீரவும் அந்தோணியாருக்குத்தான் நேர்ந்துகொள்வார்கள். நேர்ந்துகொண்டவர்கள் அங்கேயே கொண்டுபோய் மொட்டை போட்டு ஞானஸ்நானமும் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை பிச்சையம்மாள் என்பவரை நடுத்தெருவில் மறித்துச் சண்டை போட்டார். நான் அப்போது, கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பான ஓலை எழுத அந்த ஊருக்குப் போயிருந்தேன்.

“ஏன்டி, நம்ம கோயில்ல தண்ணி இல்லயா? புள்ளயத் தூக்கிக்கிட்டு அங்கிட்டு ஓடுற?”

“நேந்துக்கிட்டேன்க்கா. அவருக்கு நேந்துட்டு இங்கன வந்து ஊத்துனா அந்தோணியாரு சும்மா விடுவாரா?”

“அப்ப சவேரியாரு சும்மா விட்டுருவாராக்கும்?”

“அவரு நம்ம ஊருக்காரருக்கா. கோவிச்சுக்க மாட்டாரு.”

சந்தனமேரி இரண்டு மாதம் பிச்சையம்மாளிடம் பேசவில்லை.

2025 ஜனவரியில் ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பங்கில் இருந்த உதவிச் சாமியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பதில் ஆள் இல்லை. மறைமாவட்டம் முழுக்கவே சாமிமார் குறைவு. இனிமேல் இன்னாசி சாமி ஒருவரே ஆறு கோயிலுக்கும். ஞாயிற்றுக்கிழமையில் தாய்க்கோயிலிலும் ஒரே ஒரு கிளைக் கோயிலிலும்தான் பூசை. எந்தக் கிளைக் கோயில் என்பதைப் பங்குப் பேரவை கூடிப் பரிந்துரைக்க வேண்டும். அதற்கு 2005 முதல் 2024 வரை இருபது வருட ஞானஸ்நானக் கணக்கைக் கோயில்வாரியாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

கணக்கை எடுத்தேன். ஆலம்பட்டிக் கோயிலில் 214. செங்கமேட்டில் 11. மற்ற மூன்று கோயில்களிலும் அதைவிடக் குறைவு. ஒன்பது வீடுகளே மிஞ்சிய ஒரு கிளையில் கதவைக் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது. அங்கே கடைசி ஞானஸ்நானம் 2013-இல்.

செய்தி கேட்ட அன்றே சந்தனமேரி நல்லகுறிச்சிக்கு நடந்தே வந்துவிட்டார்.

“பதினொன்னா? எங்க ஊருல நூத்திப் பத்து வீடு இருக்குண்ணே! ஆலம்பட்டில அறுவதுதான். பதினொன்னுன்னா நாங்க என்ன புள்ளயே பெறலயா?”

“பெத்தீங்க. எல்லாத்தையும் அங்கிட்டுல்ல கொண்டுபோய்க் குடுத்தீங்க.”

“நானா குடுக்கச் சொன்னேன்? கத்திக் கத்தி என் தொண்ட போச்சு. இனி ஞாயித்துக்கெழம பூச அவுகளுக்குத்தானா? செவ்வாக்கெழமைதான் ஊரு ஒலகமே அங்க கெடக்குதே, ஞாயிறும் வேணுமா அவுகளுக்கு?”

எங்கள் ஏட்டில் எந்தக் கோயில் என்பதற்கு ஒரு கட்டம், பெற்றோரின் ஊர் என்பதற்கு இன்னொரு கட்டம். இரண்டாவது கட்டத்தை வைத்து யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. அவர் முன்னிலையிலேயே தொடங்கினேன். மூன்று நாள் ஆயிற்று. ஆலம்பட்டிக் கோயிலில் கொடுத்த 214-இல் ஆலம்பட்டிப் பிள்ளைகள் 52. வெளியூர்ப் பிள்ளைகள் 74. மிச்சம் 88 பேரும் செங்கமேட்டுப் பிள்ளைகள். அந்த ஊர்க் கோயிலின் 11-ஐச் சேர்த்தால் செங்கமேட்டுக்கு 99.

“அவுகளுக்கு அம்பத்திரெண்டு, எங்களுக்குத் தொண்ணூத்தொம்போதா?” என்று, கணக்கு முடிந்த அன்று மறுபடி வந்திருந்த சந்தனமேரி நான்கு தடவை கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்று மாலை மணியை வழக்கத்தைவிட நெடுநேரம் அடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு. பேரவைக் கூட்டத்தில் இரண்டு கணக்கையும் வைத்தேன். ஆலம்பட்டிக் கோயில் பொறுப்பாளர் வெள்ளைச்சாமி உடனே எழுந்தார்.

“சாமி, வெறும் நம்பர வச்சு நாங்க எப்புடி ஒத்துக்கிறது? எம்பத்தெட்டுன்னா எம்பத்தெட்டுக்கும் பேரு வேணும். அடுத்த ஞாயிறு எல்லாரையும் வச்சு வாசிங்க. நான் ஏட்ட வச்சுக்கிட்டு ஒன்னொன்னா ஒத்துப் பாக்குறேன்.”

இன்னாசி சாமி சரி என்றார். நான் சந்தனமேரியைப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும். நான்தான எழுதுனேன்.”

2006-ஆம் வருடப் பதிவில் அந்த வரி இருக்கிறது. நவம்பர் 9, வியாழன். ஆலம்பட்டி அந்தோணியார் கோயில். பெயர் அந்தோணியம்மாள். தந்தை மரியசூசை, தாய் சந்தனமேரி, ஊர் செங்கமேடு. வீட்டில் காவ்யா என்று கூப்பிடும் அந்தப் பெண் இப்போது புதுக்கோட்டையில் காலேஜில் படிக்கிறாள்.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் அவருக்குப் பிள்ளை இல்லை. சவேரியார் முன்னால் முழங்கால் தேயக் கேட்டிருக்கிறார். ஆலம்பட்டிப் பெண்கள் வருடத்துக்கு ஒன்றாகப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். செங்கமேட்டிலும் அங்கே போய் நேர்ந்தவர்கள் மடியில் பிள்ளை இருந்தது. 2005 டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை முதல் பஸ்ஸில் இலுப்பூர் போய், அங்கே இன்னொரு பஸ் ஏறி, தலையில் முக்காட்டோடு ஆலம்பட்டியில் இறங்கினார். கண்மாய்க் கரையில் அரை மணி நேரத்தில் நடந்துபோய்விடக்கூடிய ஊருக்கு இரண்டு பஸ். மறு வருடம் செப்டம்பரில் காவ்யா பிறந்தாள். கூட்டமில்லாத வியாழக்கிழமையாகப் பார்த்து நேர்ச்சையை முடித்துவிட்டு, ஊரில் வேளாங்கண்ணியில் கொடுத்ததாகச் சொல்லிவிட்டார்.

“எம் பொறாமையெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?” என்றார் என்னிடம். “நான் ஆறு வருசம் கூட்டித் தொடச்ச கோயிலு குடுக்கல. அங்க ஒரே ஒரு நாளு போனேன், குடுத்துட்டாரு. வெளிய சொல்ல முடியுமா இத?”

பிறகு கேட்டார்: “தொண்ணூத்தொம்போதுல ஒன்னு கொறஞ்சா என்னண்ணே? தொண்ணூத்தெட்டும் பெரிசுதான?”

“பெரிசுதான்.”

“அப்ப அந்த ஒன்ன விட்டுட்டு எழுதுங்களேன்.”

“வெள்ளச்சாமி ஏட்டக் கையில வச்சுக்கிட்டுத்தான் கேப்பாரு. அதுல ஒங்க மக வரி இருக்கு. லிஸ்டுல இல்லன்னா மிச்சத்த எவன் நம்புவான்? நான் கை வச்ச கணக்குன்னு ஆயிரும்.”

“ஊருல ஒருத்தி பாக்கியில்லாமத் திட்டியிருக்கேண்ணே நான்.”

அவர் சாவிக்கொத்தை எடுத்துச் செருகிக்கொண்டு போனார். வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிப்ரவரி 16. தாய்க்கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. செங்கமேட்டுப் பெண்கள் ஒரு வேனில் வந்திருந்தார்கள். சந்தனமேரி முதல் வரிசையில் உட்கார்ந்தார். இன்னாசி சாமி வாசிக்க, வெள்ளைச்சாமி ஏட்டில் விரல் வைத்துப் பார்த்தார். 2005-இல் ஐந்து பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பெண்கள் பக்கத்தில் கிசுகிசுப்பு. பெயருக்குரிய தாய் சந்தனமேரியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். 2006-இல் இரண்டு பெயர் முடிந்தது.

சந்தனமேரி எழுந்தார்.

“சாமி, அடுத்தத நானே சொல்லிர்றேன். அந்தோணியம்மா. அப்பன் மரியசூசை, ஆத்தா சந்தனமேரி, ஊரு செங்கமேடு. நவம்பர் ஒம்போது, ஆலம்பட்டிக் கோயிலு. எம் மக காவ்யாதான்.”

பிச்சையம்மாளின் குரல்தான் முதலில் எழுந்தது.

“வேளாங்கண்ணின்னு சொன்னீங்களேக்கா! தெருவுக்கே அல்வா குடுத்தீங்களே!”

“அல்வா வேளாங்கண்ணியில வாங்குனதுதான்டி. அது மட்டும் நெசம்.”

பெண்கள் பக்கம் சிரிப்பில் அதிர்ந்தது. பிச்சையம்மாள் விடவில்லை. “ரெண்டு மாசம் பேசாம இருந்தீங்களே எங்கிட்ட, அத யாரு கணக்குல எழுதுறது?” என்றார். சந்தனமேரியின் முகம் சிவந்து போயிருந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

வெள்ளைச்சாமி ஏட்டை மூடினார். “பாத்துக்கங்க சாமி. அத்தாச்சி புள்ளயே எங்க கோயில்லதான். இதுக்கு மேல என்ன வேணும்?”

“ஒங்க கோயில்லதான் தம்பி, இல்லங்கல. அந்தோணியாரு பெரியவருதான், அதையும் இல்லங்கல. ஆனா அது ஒங்க ஊருப் புள்ளயா? தண்ணிய அங்க ஊத்திட்டுச் சோறு இங்கதான போடுறோம்? எம்பத்தெட்டுப் புள்ளைக்கும் காச்சலுன்னா ஒங்க ஊருலயா படுத்துக் கெடக்குது? ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம பூசைக்கு வரவேண்டியது எங்க ஊருக் காலு. ஏட்டத் தொறங்க தம்பி. இன்னும் எம்பது பேரு இருக்கு.”

மிச்சத்தையும் வாசித்தார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு பெயர்கூடப் பிசகவில்லை. வாசிக்க வாசிக்கச் செங்கமேட்டுத் தாய்மார்கள் தங்கள் பெயர் வரும்போது, “நான்தான் சாமி” என்று எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டு கணக்கும் பேரவைத் தீர்மானத்தோடு ஆயர் இல்லம் போயின. மே மாதம் பதில் வந்தது. ஞாயிறு காலை எட்டரைப் பூசை செங்கமேட்டில். செவ்வாய் மாலைப் பூசை ஆலம்பட்டியில். மற்ற மூன்று கோயில்களிலும் மாதம் ஒரு வார நாள் பூசை. ஞாயிறுகளில் சாமி இல்லாமல் செப வழிபாடு மட்டும். அந்த மூன்று ஊர்க்காரர்களும் கடிதத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். அதையும் குறித்துவைப்பது என் கடமை.

ஜூன் 1, செங்கமேட்டில் முதல் ஞாயிற்றுப் பூசை. சந்தனமேரி வாசலில் நின்று எண்ணினார். 126 பேர். புதன்கிழமை காலையிலேயே எனக்குப் போன் செய்தார்.

“அண்ணே, நேத்து அங்கிட்டு எத்தன பேரு?”

“முந்நூறுக்கு மேல இருக்கும்கிறாங்க.”

“வெளியூர்க்காரவுகளக் கழிச்சா?”

“அத யாரு எண்ணுறது?”

“எண்ணச் சொல்லுங்கண்ணே,” என்று வைத்துவிட்டார்.

ஜூலையில் பிச்சையம்மாளின் மகளுக்குப் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம். இந்த முறை பிச்சையம்மாள் சொல்லாமல் போகவில்லை. நேரே சந்தனமேரி வீட்டுக்குப் போய், “அந்தோணியாருக்கு நேந்திருக்கு. நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும். மாட்டேன்னீங்கன்னா வேளாங்கண்ணின்னு சொல்லிட்டுப் போயிருவேன்” என்றிருக்கிறார்.

ஜூலை 22, செவ்வாய். ஆலம்பட்டிக் கோயிலுக்கு ஏட்டோடு நானும் போயிருந்தேன். சந்தனமேரி புதுச் சேலையில் பிள்ளையை ஏந்தி நின்றார். இன்னாசி சாமி தண்ணீர் ஊற்றினார், பிள்ளை வீரிட்டது. சந்தனமேரி பிள்ளையின் தலையைத் துடைத்தபடி கோயிலை ஒரு சுற்றுப் பார்த்தார், கீழே டைல்ஸைப் பார்த்தார், பீடத்தில் கிடந்த துணியை வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போட என்னிடம் வந்தபோது குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“துணி பழுப்பேறிக் கெடக்குண்ணே. இங்க எவளும் நீலம் போடுறதில்ல போல.”

சொல்லிவிட்டு, ஞானத்தாய் என்ற கட்டத்தில் சந்தனமேரி என்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.