மூன்றாவது கிண்ணம்

அன்று எனக்குச் சஷ்டி விரதம். தேநீர் மட்டும் குடிப்பேன். ஆக்லாந்தில், ஹென்டர்சனில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் தேயிலைக் கடைக்குப் போனேன்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஆச்சுக்கா." யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்வோம்?

பச்சைத் தேயிலைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட ஊலாங் தேநீரை, ஊருக்கொரு கிண்ணமாக ஊற்றினார். தைவான் மலைத் தேநீர் பூவாய் மணத்தது. சீனத்து அன்ஷி ஊர்த் தேநீர் வெண்ணெய்போல் இறங்கியது. மூன்றாவது, சீனத்து வூயி மலைப் பாறைகளில் விளைந்தது, கரிப்புகை வாசம்.

அதைக் குடித்ததும் கை நடுங்கியது. நெஞ்சு படபடத்தது, வேர்த்துக் கொட்டியது. அக்கா எழுந்து கடைக்கதவைச் சாத்தினார். எதையோ கலந்துவிட்டார் என்றே நம்பினேன்.

"குளிர்காத்து அடிக்குது. வெறும் வயிறோ? ஏன் சொல்லேல்லை?" என்று கற்கண்டை என் வாயில் போட்டார்.

நடுக்கம் அடங்கியது. ஆனால், நான் அவரைப் பயந்து பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். அதுதான் இன்னும் அடங்கவில்லை.