வெள்ளிக்கிழமை மூன்றரை மணி

எங்கள் தெருப் பெண்களைப் பற்றி யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. போகட்டும் என்று விடுகிற ஆளும் நான் இல்லை. என் தங்கச்சியின் இண்டர்வியூ கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர்களை எழுந்து போக விடுவேன்.

பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ குவைத்திலோ இருப்பார். என் வீட்டுக்காரர் குவைத்தில். தங்கச்சியின் மாப்பிள்ளை சவூதியில் இருந்தார். நெஞ்சுவலி என்று சேதி வந்த அன்றே மவ்த்துச் செய்தியும் வந்துவிட்டது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். இவள் சின்னப் பெண்பிள்ளை ஒன்றோடு மாமியார் வீட்டு உள்ளறையில் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதைத்தான் இத்தா என்போம்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து “நாங்க பாத்துக்குறோம்” என்றார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்த வார்த்தையை ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். வாப்பா மவ்த்தான பிறகு எங்கள் உம்மா அப்படித்தான் கேட்டுக்கொண்டே எங்களை வளர்த்தார். நோன்புப் பெருநாளுக்குத் துணி எடுக்கக்கூட யார் முகத்தையாவது பார்க்க வேண்டியிருந்தது. என் தங்கச்சிக்கு அது வேண்டாம் என்று இருந்தது. சிதம்பரத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் எம்.காம். முடித்தவள் அவள். இத்தா அறையில் உட்கார்ந்தே போனில் வேலைக்கு விண்ணப்பங்கள் போட்டாள்.

வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிற வேலைக்குச் சென்னை ஆபீஸ் ஒன்று கூப்பிட்டது. வீடியோவில் இண்டர்வியூ. நாளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி.

“வேற நாளே கெடைக்கலையா அவுங்களுக்கு?” என்று கத்தினேன்.

“கேட்டுப் பாத்துட்டேன் லாத்தா. அன்னைக்கி விட்டா கெடையாதாம்” என்றாள் தங்கச்சி.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. வெள்ளிக்கிழமை அரபு நாட்டில் விடுமுறை. அங்கே ஜும்ஆ தொழுது முடித்து ஆண்கள் அறைக்குத் திரும்பும்போது இங்கே மூன்றரை ஆகும். ஊர் மொத்தமும் வீடியோவில் உட்கார்ந்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராது அல்லவா, அந்த மாதிரிதான் எங்கள் நெட். இருந்த ஒரே கேபிள் லைனையும் சாலை போட வந்தவர்கள் அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு அறை பிடித்து உட்காரலாம் என்றால் இவள் வாசல் தாண்டக் கூடாது.

இதற்கு நடுவில் ஒரு உறவுக்காரப் பெண்மணி வந்து, “இத்தாவுல இருக்குறவ வேத்து ஆம்பளைங்க முன்னாடி மொகத்தக் காட்டுறதா?” என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சியின் மாமியார் முந்திக்கொண்டார்.

“பள்ளிவாச ஹஜ்ரத்துகிட்ட கேட்டாச்சு. பொழப்புக்குன்னா தப்பில்லன்னுட்டாரு. என் மவன் இருந்திருந்தா அவனே லேப்டாப்பத் தொடச்சி வச்சிருப்பான். நீங்க டீயக் குடிங்க.”

அந்த லேப்டாப் அவர் மகன் சவூதியிலிருந்து வாங்கி வந்தது. மாமியாரே அதைத் துடைத்து வைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நான் பேசி அனுப்பினேன். “அஸ்ஸலாமு அலைக்கும். நாளைக்கி மூணரையிலேருந்து நாலரை வரைக்கும் யாரும் வீடியோ பேசாதீங்க, நெட்ட ஆஃப் பண்ணி வைங்க. உங்க வூட்டு ஆளுங்ககிட்டயும் சொல்லிடுங்க. என் தங்கச்சிக்கு இண்டர்வியூ.” எல்லாரும் கேட்டார்கள் என்று நீல டிக் காட்டியது. பதில் ஒன்றும் இல்லை. பிரியாணி போட்டோவுக்கெல்லாம் விழுந்து விழுந்து பூ அனுப்புகிறவர்கள் இப்போது வாயை மூடிக்கொண்டார்களே என்று எல்லாரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் மூன்றரைக்குத் தங்கச்சி வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். மாமியார் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேமராவுக்கு இந்தப் பக்கம். நான் கதவோரம். படம் வந்தது. நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. தெருவில் ஒரு போன் சத்தம்கூட இல்லை. ஜிஎஸ்டி பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். ஒரு கணக்கைத் தப்பாகக் காட்டிக் கேட்டார்கள், தப்பு எங்கே என்று பிடித்துவிட்டாள். உள்ளே படுத்துக் கிடந்த இங்கிலீஷ் எழுந்து நடந்தது. என் தங்கச்சிதானா இது என்று எனக்கு மார்பு விம்மியது.

கடைசியில், உங்கள் ஊரில் நெட் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள்.

“இப்போது எப்படித் தெரிகிறது சார்?” என்று கேட்டாள் அவள்.

தெளிவாக இருக்கிறது என்றார் அவர்.

“வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் நெரிசல். அதற்கும் முதல் சம்பளத்தில் கேபிள் போட்டுவிடுவேன்” என்றாள்.

அவர் சிரித்தார். திங்கட்கிழமையே சேர முடியுமா என்று கேட்டார்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வாசலுக்கு வாசல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு. “கெடச்சிருச்சுடி! ஆன் பண்ணுங்க எல்லாரும்!” என்று கத்தினேன். அவ்வளவுதான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போன்கள் அலற ஆரம்பித்தன. என்னுடையதும் அடித்தது. சாப்பாட்டைப் பற்றித்தான் ஆரம்பிப்பார் என்று எடுத்தேன். “தங்கச்சிக்கு என்னாச்சு, அதச் சொல்லு மொதல்ல” என்றார் என் வீட்டுக்காரர். பின்னால் அறை முழுக்க எங்கள் ஊர் ஆட்கள், பேசாமல் காத்துக்கொண்டு நின்றார்கள்.

எதிர்வீட்டுப் புதுப்பெண்ணின் போன் மட்டும் அடிக்கவில்லை. கல்யாணமாகி ஒரு மாதத்திலேயே அவள் மாப்பிள்ளை பயணம் போய்விட்டார். பாலைவனத்தில் வேலை. வெள்ளிக்கிழமை டவுனுக்கு வண்டியில் கூட்டி வரும்போதுதான் அவருக்கு சிக்னல் கிடைக்கும்.

“வண்டி திரும்பக் கெளம்பியிருக்கும் லாத்தா” என்றாள் அவள். “அடுத்த வெள்ளிக்கிப் பேசிக்குறேன்.”

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைத் தாண்டி, என் தங்கச்சியைக் கட்டிக்கொள்ள உள்ளே போனாள்.