ஜெயவேல் வைத்த பொட்டு

திருவொற்றியூர் லாரி ஆபீஸில் பெருக்கித் துடைக்கும் பட்டம்மாள் தண்ணீரை ஊற்றிக் கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டாள் என்று டீக்கடை வரை பேச்சு. விசாரித்துப் பார்த்தால், அதைக் கிளப்பியவர் அங்கே பதினெட்டு வருஷமாக லோடு சீட்டு அடிக்கும் ஜெயவேல்.

ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த காலையில் கம்ப்யூட்டர் கண் விழிக்கவில்லை. "பக்கெட்டத் தூக்கிகினு இங்கதான சுத்திகினு இருந்த? தண்ணி உள்ள பூந்துகீது!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"நான் அதாண்ட போவவே இல்ல நைனா," என்றாள் பட்டம்மாள். முதலாளி அவளை இனி வர வேண்டாம் என்றார். பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் ரிப்பேர் பார்க்க எழில்மொழி வந்தாள். பிளக்கைப் பார்த்தாள், ஒயரை மாற்றினாள், கடைசியில் பவர் பட்டனில் டார்ச் அடித்தாள். பட்டன் அமுங்கியபடியே நின்றது. சுற்றிலும் சந்தனம் காய்ந்து சிமெண்டாகியிருந்தது.

"இன்னாண்ணே, எம்மாம் பக்தி! பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலியா?"

குண்டூசியால் சுரண்டினாள். கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது.

வட்டமாக, நெற்றி மாதிரி இருக்கிறதே என்று பார்த்துப் பார்த்து அங்கே பொட்டு வைத்தவர் ஜெயவேல்தான். காது சுட்டது. முதலாளியிடம், "லூஸ் கனெக்‌ஷன் சார், பட்டம்மா மேல தப்பில்ல," என்று பாதி உண்மையைச் சொன்னார்.

பட்டம்மாளைத் திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தாள். இப்போதெல்லாம் அவர் மேஜையடியில் மட்டும் துடைப்பதில்லை. "தண்ணி பூந்துடப் போவுது நைனா," என்கிறாள்.

ஜெயவேல் தினமும் வாயைத் திறக்கிறார். "டீ குட்ச்சியா பட்டம்மா?" என்றுதான் வருகிறது. கேட்க வேண்டிய மன்னிப்பு தீபாவளி தாண்டியும் பாக்கி.