நெத்திலிக் களத்தில் என் கார் விட்ட கறை

நான் ஒரு பொய் சொன்னேன். கருவாடு காயப்போட்டுப் பிழைக்கும் ஒரு பெண், அந்தப் பொய்யால் ஒரு வருஷத்துக்கு மேல் தன் இடத்தை இழந்து நின்றார். அந்தப் பொய்யை நான் சபை நடுவில், என் படிப்பை வைத்துச் சொன்னேன். அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

மணலியில் ஒரு தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் எண்ணெய்களைச் சோதித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, அதே வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் தெருவில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். கடற்கரைக் குப்பத்தில் மீன் காயவைக்கும் சிமென்ட் களம் மட்டும் மேடு. அதனால் பெருமழை வந்தால் அக்கம்பக்கத்து வண்டிகளை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்துவோம். குப்பத்துக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மழையில் யார் மீன் காயப்போடப் போகிறார்கள்?

அந்தக் கார்த்திகை மழையில் என் பழைய பெட்ரோல் காரையும் அங்கே விட்டேன். இரண்டு ஆட்டோவும் ஒரு சின்ன லாரியும் கூட நின்றன. என் காரில் எண்ணெய் ஒழுகுகிறது என்பது எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். வீட்டில் நிறுத்தும்போது அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவைப்பேன். என் வீட்டுத் தரைக்கு அட்டை போட்டவன் அவர்கள் களத்துக்குப் போடவில்லை. நான்காம் நாள் வண்டியை எடுத்தபோது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறை இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. இரண்டு கை மணலை அள்ளி அதன்மேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மணல்தான் விஷயத்தைப் பெரிதாக்கியது. களத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. கோடு எதுவும் கிடையாது, ஆனால் யாருடையது எது என்று எல்லோருக்கும் தெரியும். கறை விழுந்தது நடுப்பங்கில். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் விழும் நல்ல இடம். வெயில் வந்ததும் அதற்குரிய பெண் மணலைப் பெருக்கினார். எண்ணெய் விளக்குமாற்றோடு அவர் பங்கு முழுக்கப் போயிற்று. மேலே நெத்திலியைப் பரப்பினார். வழக்கமாக வாங்கும் வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, மொத்தத்தையும் அப்படியே விட்டுப் போனார்.

பஞ்சாயத்து கூடியது. அந்தப் பெண்ணின் கணவர் படகு டீசல் இன்ஜின் பழுது பார்ப்பவர். முன்பு ஒரு முறை களத்து ஓரத்தில் இன்ஜின் பாகங்களைக் கழுவியதற்காக, இனிமேல் கூடாது என்று ஊர் எச்சரித்திருந்தது. சந்தேகம் நேராக அவர்மேல் போயிற்று.

"மழையில நின்ன வண்டி எதுனா ஒழுகி இருக்கும் தலைவரே. என் மேல இன்னாத்துக்குப் பழி போட்றீங்க?" என்று அவர் கத்தினார்.

தலைவர் நியாயமானவர். வேடிக்கை பார்க்க நின்றிருந்த என்னைக் கூப்பிட்டார். "சாரு இதுலயே ஊறுனவரு. சார், நீங்க பாத்து சொல்லுங்க. இது கார் ஆயிலா, போட் ஆயிலா?"

நான் குனிந்து தொட்டேன், முகர்ந்தேன். சொல்ல முடியும். ஒரு துண்டுச் செய்தித்தாளில் தேய்த்திருந்தால் போதும். டீசல் இன்ஜின் எண்ணெய் நடுவில் கரிப்பொட்டாகத் தங்கும், என் காருடையது பழுப்பாகப் பரவும். இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்கு முப்பத்தைந்து வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்.

"பார்த்துச் சொல்ல முடியாதுங்க" என்றேன். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவ்வளவுதான். பழி அவர் கணவர்மேலேயே நின்றது. அந்தப் பெண்ணைக் களத்தின் கடைசிக்கு, ஐஸ் கம்பெனிச் சுவரின் நிழல் விழும் மூலைக்கு மாற்றினார்கள். மதியத்துக்கு மேல் வெயில் கிடையாது. சுவர்மேல் வரிசையாகக் காக்காய். நடுப்பங்கு காலியாகக் கிடந்தது, கறை இருப்பதால் வேறு யாரும் அதில் மீன் போடவில்லை. மீன் ஏலத்தில் அவரைப் பார்த்து, "யம்மே, உன் கருவாட்ட தாளிக்க எண்ணெயே வாணாமாமே!" என்று சிரித்தார்கள். அவர் பதிலுக்குத் திட்டுவார். ஆனால் விற்பனை படுத்துவிட்டது. நான் காரைப் பழுது பார்த்து, வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

படகுகள் கடலுக்குப் போகாத கோடைத் தடைக்காலம் ஒன்று அப்படியே போயிற்று. அதற்கடுத்த வருஷத்துத் தடைக்காலத்தில் களம் பாதி காலியாகக் கிடந்தபோது, கறையை நானே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கறை போய்விட்டால் இடம் அவருக்குத் திரும்பிவிடும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அந்தக் கோழைத்தனத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

தலைவரிடம் அனுமதி கேட்டபோது மகிழ்ந்துபோனார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிப்போய் ஒரு பாட்டில் பாத்ரூம் ஆசிட் கொண்டுவந்தார்.

"ஊத்து சார், பிச்சிக்கினு போவும்."

"போகாதுப்பா. ஆசிட் சிமென்டைத்தான் தின்னும், எண்ணெயைத் தொடாது. தரை குழி விழும், குழியில எண்ணெய் இன்னும் நல்லா உட்காரும். மழைக்குப் பிறகு நீங்க பிளீச்சிங் பவுடர் வேற போட்ட இடம். ரெண்டும் சேர்ந்தா வர்ற புகை நெஞ்சை அடைச்சிடும்."

"அப்ப பெட்ரோலு?"

"உன் பீடிய அணைச்சிட்டுக் கேளு."

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கறையைக் கரைத்து இன்னும் ஆழத்துக்கு இறக்கும், தீப்பிடிக்கும் அபாயம் வேறு. எண்ணெயை மேலே இழுக்க வேண்டுமானால் அதைவிட ஆசையாக உறிஞ்சும் ஒன்று வேண்டும். நான் வாங்கியது மலிவான கோலமாவு. அது வெறும் கல்மாவுதான், நன்றாக உறிஞ்சும். அதைப் பாத்திரம் கழுவும் திரவத்திலும் கொஞ்சம் சலவைச் சோடாக் கரைசலிலும் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, விரல் தடிமனுக்குப் பூசினேன். மேலே பிளாஸ்டிக் தாள், ஓரங்களில் செங்கல். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்து, மாவு காய்ந்ததும் மரச்சட்டத்தால் சுரண்டினேன். இரும்பு பிரஷ் தரையைக் கீறும், உதிரும் கம்பி துருப்பிடிக்கும். வெள்ளையாகப் போட்ட மாவு பழுப்பாக வந்தது.

"இன்னா சார், களத்துக்குக் கோலம் போட்றீங்களா?" என்று பெண்கள் கேட்டார்கள். "அப்பிடியே எங்க வூட்டு வாசலுக்கும் ஒண்ணு போடுங்க."

அந்தப் பெண்ணும் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. என்னிடம் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் குனிந்தேன்.

ஒன்பது முறை பூசினேன். கடைசி இரண்டு முறை மாவு வெள்ளையாகவே வந்தது. பிறகு வெந்நீரும் சோப்பும் விட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தேன். கழுவிய நீர் கடலுக்கு ஓடக்கூடாது என்பதற்காக, படகு கட்டும் இடத்திலிருந்து மரத்தூள் வாங்கிச் சாக்கில் நிரப்பிச் சுற்றிலும் அணை கட்டியிருந்தேன். மிச்ச நீரையும் மரத்தூளைப் போட்டே ஒற்றி எடுத்தேன். எண்ணெய் பட்ட மாவு, மரத்தூள் எல்லாவற்றையும் மூடிபோட்ட தகர டின்னில் அடைத்து, கழிவு எண்ணெயை முறையாக அனுப்பும் ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். வெளியில் குவித்துவைத்தால் அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும், பற்றிக்கொள்ளும். கடைசியில் களத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். முன்பு கறையின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். இப்போது மற்ற இடத்தைப் போலவே உள்ளே இறங்கியது.

அப்போதே நான் பேசியிருக்க வேண்டும். பேசாமல் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை தலைவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். களத்தில் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். தலைவர் கையில் மடிப்புக் கலையாத பொன்னாடை.

"இந்த வயசுல, இவ்ளோ படிச்ச மனுசன், நம்ம களத்துல குந்திக்கினு தேச்சாரு பாரு. நம்ம பசங்க எவனுக்காவது தோணுச்சா?" என்று தொடங்கினார். கை தட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினார். அவர் கணவர் மட்டும் தள்ளி ஒரு படகில் சாய்ந்து நின்றிருந்தார்.

பொன்னாடை என் தோளுக்கு அருகில் வந்தபோது, நான் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போடாதீங்க தலைவரே. அது என் கார்ல ஒழுகின ஆயில். அன்னிக்கே எனக்குத் தெரியும். கேட்டப்ப பொய் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ, "அட பெருசு!" என்றார். சார் என்ற சொல் அந்தக் குப்பத்தில் எனக்கு அன்றோடு போயிற்று.

அந்தப் பெண் நேராக என் முன் வந்தார். "ஒண்ணர வருசம். எங்க வூட்டுக்காரு அவுங்க அம்மா மேல சத்தியம் பண்ணாரு, அப்பகூட நானே சந்தேகப்பட்டேன். தாலி கட்டுனவன சந்தேகப்பட வெச்சியே, நீயெல்லாம் இன்னா படிச்ச?" அதைவிடக் கடுமையாகவும் சில சொன்னார். அவற்றை எழுத மாட்டேன், ஆனால் எதுவும் தவறில்லை. நான் அவரிடமும் அவர் கணவரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். கணவர் திரும்பி நடந்து போய்விட்டார்.

தலைவர் நடுப்பங்கை அந்த இடத்திலேயே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு என்ன தண்டனை என்று கேட்டார்கள். ஊரிலிருந்து விலக்கிவைக்க நான் ஊர்க்காரனே இல்லை.

"என்கிட்ட வுடுங்க" என்றார் அந்தப் பெண். "அந்த மூலைல என் நெத்திலில பாதியக் காக்காதான் தின்னுச்சு. இந்தப் பெருசு இந்த சீசன் முழுக்க வந்து, என் கருவாட்டுக்குக் காக்கா ஓட்டட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒப்புக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். எவ்வளவு எடுத்தாலும் சிமென்டின் நுண்துளையில் துளி எண்ணெய் தங்கியிருக்கலாம், வண்டி நின்ற இடத்தில் தின்னும் பொருளை நேராகப் பரப்பாதீர்கள், முழங்கால் உயரத்துக்குச் சட்டம் அடித்து வலை கட்டி அதன்மேல் காயப்போடுங்கள் என்றேன். இந்த முறை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டார். நம்ப வேண்டாம், செய்து பாருங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது, நடுப்பங்கில் இரும்புக் கால் வைத்த நான்கு சட்டங்கள் நின்றன. பற்றவைப்பு வேலை சுத்தமாக இருந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் என் வேலை தொடங்கியது. காலை ஏழு மணிக்குக் குடையும் மூங்கில் கழியுமாகப் போய் உட்காருவேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டிருக்கும். காக்காய்கள் முதல் நாளே என்னை எடைபோட்டுவிட்டன. நான் இடப்பக்கம் எழுந்தால் வலப்பக்கம் இறங்கும்.

"பெருசு, அந்தாண்ட பாரு! காக்காக்கு விருந்து வெக்கவா உன்ன குந்த வெச்சேன்?" என்று அந்தப் பெண் கத்துவார். மற்ற பெண்கள், "எங்களுதுக்கும் சேத்து ஓட்டு தாத்தா" என்பார்கள். ஓட்டினேன். வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் இதில்தான் என்னை அதிகம் திட்டினார்கள். ஆனாலும் மதியம் வீட்டுக்குத் திரும்பும்போது பசி நன்றாக எடுத்தது, சாப்பாடு இறங்கியது.

பழைய வியாபாரி மூன்றாம் வாரம் வந்தார். அந்தப் பெண்ணே கூப்பிட்டனுப்பியிருந்தார். ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தார். இன்னொரு சட்டத்திலிருந்து அள்ளி மறுபடியும் முகர்ந்தார். நான் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நெத்திலியை வாயில் போட்டு மென்றுவிட்டு, "மூட்டை கட்டும்மா" என்றார்.

சீசன் முடிந்துவிட்டது. தண்டனையும் முடிந்தது. ஆனாலும் வெயில் நாட்களில் நான் போகிறேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏலத்தில் இப்போது என்னைத்தான் கேலி செய்கிறார்கள். அவர் கணவர் இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரில் வந்தால் நான் வணக்கம் வைப்பேன், அவர் கடலைப் பார்ப்பார். அதில் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நாளைக்கும் வைப்பேன்.