பசியாறாத பிள்ளை

சிலிபினில் எங்கள் பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவுக்கு வாய் ஓயாது. ஈப்போவில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. அலறுகிற பிள்ளையைக்கூட எதையாவது பேசி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். எழுபத்தெட்டாம் வருஷம் ஒருநாள் அந்த வாய் அடைத்துப்போனது.

அன்று தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இருளாயி என்ற பெண் தன் ஐந்து வயது மகன் சீனியைக் கூட்டி வந்திருந்தாள். கடைவாய்ப்பல் இரண்டும் சொத்தை, கன்னம் வீங்கியிருந்தது. பயத்தில் அவன் வாயைத் திறக்கவே இல்லை. மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும் என்றார் டாக்டர். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் வயிறு காலியாக இருக்க வேண்டும். அதைக் கேட்டுச் சொல்வது அக்காவின் பொறுப்பு.

“பையன் பசியாறிட்டானா?”

“இன்னும் இல்லக்கா.”

மருந்து கொடுத்தார்கள். முதல் பல் வந்தது. அடுத்ததைப் பிடுங்கும்போது பையன் குமட்டினான்; வாயில் பழுப்பாகப் பொங்கியது. டாக்டர் அவனை ஒருக்களித்துப் போட்டு உறிஞ்சி எடுக்கப் பார்த்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியும் பிள்ளை பிழைக்கவில்லை. சொத்தைப் பல்லுக்காகப் பிள்ளையைப் பறிகொடுப்பதா? இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

“காலையில என்னம்மா குடுத்தீங்க?” என்று காரில் போகும்போதே டாக்டர் கேட்டிருந்தார்.

“ஒன்னும் குடுக்கல டாக்டர். பஸ்ல அழுதான்லா, பால் தேத்தண்ணியில பிஸ்கட் நனைச்சுக் குடுத்தேன். எந்திரிச்சதும் பசியாற ரொட்டி சனாய் வாங்கி வச்சிருக்கேன்.”

காலைச் சாப்பாட்டைத்தான் நாங்கள் பசியாறுவது என்போம். தேத்தண்ணியை யார் அதில் சேர்ப்பார்கள்? அக்காவும் தோட்டத்தில் பிறந்தவர்தான், அவருக்கும் அது தோன்றவில்லை. பல நாள் வேலைக்கே போகாமல் கிடந்தார்.

எண்பத்து மூன்றில் அதே டாக்டரிடம் என் மகளுக்கும் மயக்கம் கொடுக்க வேண்டி வந்தது. அக்கா விடாமல் குடைந்தார்.

“தண்ணி குடிச்சாளா? மிட்டாய் சப்புனாளா? வழியில யாராச்சும் எதுவும் குடுத்தாங்களா?”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “என்னக்கா, நான் பொய்யா சொல்லப்போறேன்?”

அக்கா என் மகளின் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். பிறகுதான் என்னிடம் திரும்பினார்.

“இருளாயியும் பொய் சொல்லலடி.”