வளையம் இல்லாத நிழல்

தபால்கார வீரய்யா எதற்கும் பதறாத ஆள் என்று நாகமலைத் தோட்டத்தில் பேர். பூனாகலைப் பக்கம், மலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த தோட்டம் அது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் கொழுந்து மலைக்குப் பிரிந்த கையோடு, தோட்டத்து ஆபீசான கந்தோரில் தோல் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். விளிம்புப் பாதையில் மூன்று மைல் நடந்தால் தபால் கந்தோர். பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். பதினெட்டு வருஷமாக இதே நடை. வழியில் பாம்பு நின்றிருக்கிறது, ஒருதரம் சிறுத்தையே நின்றிருக்கிறது. "அது போனதும் நான் போனேன்" என்று அதையும் இரண்டு சொல்லில் முடித்தவர்.

அப்படிப்பட்ட மனுஷன் 1974 தை மாதம் ஒரு காலையில் பையை எங்கேயோ போட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் நடுவில் பொத்தென்று விழுந்தார். அவர் மனைவி பாக்கியலெட்சுமி கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தாள்.

"என்னங்க? என்னா கடிச்சுச்சு?"

வீரய்யாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தார்கள். அரைவாசி நெஞ்சில் ஊற்றிக்கொண்டார்.

"ஆளு... கருப்பா... டர்பன்டைன் மரத்து ஒசரம். பள்ளத்துல பனிக்குள்ள நிக்குது. தலையச் சுத்தி வானவில்லு மாதிரி ஒரு வளையம். நான் நின்னா நிக்குது, நடந்தா கூடவே வருது."

வேறு நாளாக இருந்தால் பெண்கள் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. காரணம், மார்கழியிலிருந்தே அவர்களும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயானத்து மேட்டில், பனி மூடிய பகல் வேளைகளில், தலையோடு கம்பளி போர்த்திய ஒரு கரிய உருவம் ஆடாமல் அசையாமல் நிற்கும். யார் என்று சத்தம் போட்டால் பனிக்குள் கரைந்துவிடும். நாலு பேர் நாலு நாளில் பார்த்தாயிற்று.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போன வருஷம் முனிக்குக் கிடா வெட்டாமல் விட்டதன் பலன் என்றார் கங்காணி. பண்டாரவளையிலிருந்து சீலை மூட்டையோடு வரும் முஸ்லிம் வியாபாரி நானா, அது ஜின், பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள் என்றார். தோட்டத்து மருந்தையாவோ, "மாவு கெடைக்காம ஆறு மாசமா அரை வயிறு. ரத்தமில்லாத கண்ணுக்கு எல்லாந்தான் தெரியும்" என்று சத்துக் குளிசை கொடுத்தார்.

பாக்கியலெட்சுமி தன் காரணத்தை வெளியில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அடுப்பை ஊதிக்கொண்டே கணவரிடம் மட்டும் சொன்னாள்.

"அது நம்ம மாடசாமி அண்ணன்தாங்க. மயானத்துல மாரியாயி அக்கா குழிக்கிட்டதான் அது நிக்குது. நான் பாத்தேன்."

மாரியாயி வீரய்யாவின் அக்கா, செத்து ஐந்து வருஷம். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் அவள் புருஷன் மாடசாமிக்கும் அவன் தம்பிக்கும் இந்தியப் பாஸ்போட் வந்து, போன ஆவணியில் தம்பி குடும்பத்தோடு அவனையும் ரயில் ஏற்றிவிட்டார்கள். பிள்ளையில்லாத மனுஷன், கையில் ஒரு தகரப் பெட்டி. ஸ்டேஷனில் வீரய்யா அவனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் ரயில்வேக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து இந்தியக் கரையில் மண்டபம் முகாமிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. நானுஓயாவில் தண்ணீர் பிடிக்க இறங்கிய அண்ணன் திரும்பி ஏறவேயில்லை, தண்டவாளத்தில் அடிபட்டுப் போயிருப்பார் என்கிறார்கள், நீங்கள் அங்கேயே காரியம் செய்துவிடுங்கள் என்று. அந்தக் கடிதத்தையும் வீரய்யாதான் பையில் சுமந்துவந்தார். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, மாரியாயி குழிப் பக்கத்திலேயே மொட்டையடித்து, பிண்டம் வைத்துக் கருமாதி செய்தார்.

மறுநாள் பையைத் தேடித் தனியாகப் போக வீரய்யாவுக்குக் கால் வரவில்லை. கூட வந்தவர் தோட்டப் பள்ளிக்கூடத்து ஜௌபர் சார். பதுளைக்காரர், முப்பது வயதுகூட ஆகாதவர். பள்ளிக்கூட மணிக்கு முன்னால் நான் வருகிறேன், அது எங்கே நின்றதென்று காட்டுங்கள் என்று அவராகவே புறப்பட்டார்.

பாதை கிழக்கே வெளிச்சமும் மேற்கே பள்ளமுமாய்த் திரும்புகிற இடம். பை அங்கேயே கிடந்தது. முதுகுக்குப் பின்னால் சூரியன் ஏறியது. பள்ளம் நிறையப் பனி பாலாய் நின்றது. திடீரென்று அதன் மேல் எழுந்தன, ஒன்றல்ல, இரண்டு கரிய உருவங்கள். வீரய்யா சாரின் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"வீரய்யா, கையத் தூக்குங்க."

வீரய்யா தூக்கினார். ஒரு உருவம் கை தூக்கியது.

"நம்ம நிழல்தான்! சுவத்துல விழற மாதிரி பனியில விழுது. பக்கத்துல இருக்கிற பனி தூரத்து மலை மாதிரி தெரியிறதால நிழலும் மலையளவு தெரியுது. பனித்துளியில வெயில் பட்டு வளையம். சரி, வளையம் யாரு தலையில தெரியுது?"

"என் தலையிலதான் சார். உங்க நிழல்ல ஒண்ணுங் காணோம்."

"எனக்கு என் தலையில மட்டுந்தான் தெரியுது. அவனவன் கண்ணுக்கு அவனவன் தலையிலதான் வளையம். புத்தகத்துல வாசிச்சிருக்கேன், இன்னைக்குத்தான் கண்ணால பாக்கிறேன்."

அன்றிலிருந்து வீரய்யா ஆளே மாறிப்போனார். இரண்டு சொல்லில் பேச்சை முடிக்கிறவர், வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய், "முனியுமில்ல சனியுமில்ல, நம்ம நிழல்தான்" என்று கை தூக்கிக் காட்டினார். கங்காணிக்கு அவர்மேல் கோபம். மயானத்து உருவத்துக்கு என்ன சொல்கிறாய் என்று பெண்கள் கேட்டால், அதுவும் ஏதாவது நிழலாகத்தான் இருக்கும் என்பார். பாக்கியலெட்சுமி மட்டும், "மயானத்துல பள்ளமேதுங்க?" என்று கேட்டாள்.

மாசிக் கடைசியில் ஒரு காலை, அதே திருப்பம். வெயிலும் பனியும் சரியாக வாய்த்திருந்தன. வீரய்யா பையை இறக்கிவைத்து, தன் நிழலுக்குக் கை காட்டினார். நிழலும் காட்டியது. அப்புறம்தான் பார்த்தார். அவர் நிழலுக்கு இடப்பக்கம் இன்னொரு நிழல். தலையோடு போர்த்தியது. வளையம் இல்லை. அவர் கையை ஆட்டினார், அது ஆடவில்லை.

தை மாதத்து வீரய்யாவாக இருந்தால் ஓடியிருப்பார். இப்போது சார் சொல்லிக்கொடுத்தது தலைக்குள் கிடந்தது. வளையமில்லாத நிழல் என்றால் அது இன்னொரு ஆளின் நிழல். அந்த ஆள் பக்கத்தில்தான் நிற்கவேண்டும். இடப்பக்கம் ஆள் உயரத்துக்கு மானாப்புல். அதற்கு அந்தப்புறம் பள்ளத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல். புல்லை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு புகுந்தார்.

கல்லின்மேல் கம்பளி போர்த்திய ஆள் வெயில் காய்ந்துகொண்டு நின்றான். சத்தம் கேட்டுத் திரும்பினான். குழிந்த கண், மார்புவரை தாடி. ஆனாலும் நெற்றியில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கிழித்த அந்தத் தழும்பு.

வீரய்யா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கத்த நினைத்தார், காற்றுதான் வந்தது.

"மாப்ள, கத்தாத. நான்தான்" என்றான் மாடசாமி.

"ஒனக்கு... ஒனக்கு நாங்க கருமாதி பண்ணிட்டமே மச்சான்."

"தெரியும். மேல மரத்துப் பொறத்தாலயிருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வீரய்யா எழுந்து போய் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அறைந்த கை சூடாய் இருந்த சதையில் பட்டது. உயிரோடுதான் இருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதே கையால் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார். உடம்பில் எலும்புதான் இருந்தது.

நானுஓயாவில் தண்ணீர் பிடிக்க இறங்கியவன், வண்டி ஊதியபோது ஏறக் கால் வரவில்லை என்றான். தண்டவாளத்தோடு ஆறு நாள் நடந்து திரும்பியிருக்கிறான். கல்லுக்கு அடியில் ஒரு குகை. காட்டுக் கிழங்கும், யாருடைய தோட்டத்திலோ தோண்டிய வத்தாளங்கிழங்கும் சாப்பாடு.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா ஒன்னையும் ஜீப்புல ஏத்துவாங்க. பாஸ்போட் குடுத்தும் போகாதவனப் புடிச்சுக்கிட்டுப் போறாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? போய் அங்க நான் யாரைத் தேடுவேன் மாப்ள? எங்கப்பன் பொறந்த ஊரு பேரையே பாஸ்போட்டுலதான் மொதமொத பாத்தேன். மாரியாயி இங்க கெடக்கிறா."

பையை முதுகில் மாட்டிக்கொண்டு தபால் கந்தோர்வரை எப்படி நடந்தார் என்று வீரய்யாவுக்கே தெரியாது. மாலையில் பாக்கியலெட்சுமியிடம் சொன்னபோது, அவள் கையிலிருந்த ரொட்டிமா தட்டோடு தரையில் விழுந்தது. மாவு அப்போது தங்கம். அவள் குனிந்து பார்க்கவேயில்லை.

"ஆத்மா சாந்தியாகட்டும்னு நான் குழியில வெளக்கு வச்சனே. பசியோட நின்னுச்சா அண்ணன்?" என்று அரற்றினாள்.

மறுநாளிலிருந்து தபால் பைக்குள் ஒரு ரொட்டியும் சம்பலும் போயிற்று. இரண்டு பேர் அரை வயிற்றை மூன்று பேர் பங்கிட்டார்கள். பத்து நாளில் பாக்கியலெட்சுமி தன் நிரையில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். வீரய்யாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் மறுநாள் பைக்குள் ஒன்றுக்குப் பதிலாக மூன்று ரொட்டி இருந்தது.

பங்குனியில் பெரட்டுக் களத்துக்கே ஜீப் வந்தது. பாஸ்போட் கிடைத்தும் போகாதவர்களின் பட்டியல் பொலிஸ்காரர் கையில். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வராது. சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் சொல்ல ஜௌபர் சாரைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். பட்டியல் முடிந்தது. ஒருவரும் அகப்படவில்லை. அப்போது கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"மயானத்துப் பக்கம் ஒரு உருவம் தெரியுதுன்னு பேச்சுங்க. ஒளிஞ்சிருக்கிற ஆளாக்கூட இருக்கலாம். இந்த வீரய்யாவைக் கேளுங்க. அது முனியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறவன்."

விஷயம் தெரிந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜௌபர் சார் நம்பிக்கையோடு வீரய்யாவைப் பார்த்தார்.

"சொல்லுங்க வீரய்யா. நீங்க பாத்ததச் சொல்லுங்க."

வீரய்யா மனதுக்குள் கணக்குப் போட்டார். நிழல் என்றால், மயானத்தில் எப்படி விழும் என்று கேட்பார்கள். ஆள் இல்லை என்றால் தேடிப் பார்ப்பார்கள்.

"முனிதாங்க" என்றார்.

"என்னது?" சாரின் முகம் சுருங்கியது.

"நெழலுன்னு நான் சொன்னது பெசகு சார். அதுக்கப்பொறம் வளையமில்லாம பாத்தேன். கை ஆட்டினேன், அது ஆட்டல. முனிதான். அந்தப் பக்கம் காலு வச்சா ரத்தங் கக்கிச் சாவோம்."

வளையமில்லாமல் பார்த்ததும், அது கை ஆட்டாததும் முழுக்க உண்மை. அதை நினைத்தபோது அவருக்கே உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கம் நல்லதாய்ப் போயிற்று. பின்வரிசையில் ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "என் எடத்துக்கு வராதே!" என்று ஆடத் தொடங்கினாள். கங்காணி அவள் காலில் விழுந்தார். அவர் நடிக்கவில்லை. அவருக்கு விஷயமே தெரியாது.

ஜௌபர் சார் தலையைக் குனிந்துகொண்டு சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்கள். போகும்போது சார் வீரய்யாவின் பக்கத்தில் நின்றார்.

"ஒங்க கண்ணால பாத்தீங்களே. நான் பக்கத்துலயே நின்னனே" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அவர் வீரய்யாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கடிதம் கொடுத்தால் கையை நீட்டி வாங்குவார், அவ்வளவுதான். பதினெட்டு வருஷத்தில் யாரும் தந்திராத வலி அது வீரய்யாவுக்கு.

மாடசாமி ஒன்றே முக்கால் வருஷம் இருந்தான். வெயில் நாளில் குகையில், அடை மழையில் வீரய்யாவின் லயத்து அறையில், அந்தக் காம்பராவின் அடுப்படி மூலையில். 1975 கார்த்திகை மழையில் நெஞ்சுச் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பேர் கேட்பார்கள். மருந்தையாவிடம் தனக்கு என்று சொல்லி வீரய்யா மருந்து வாங்கிவந்தார். மூன்றாம் நாள் பகலில், பாக்கியலெட்சுமி ஊட்டிய கஞ்சி உதட்டில் இருக்கும்போதே மூச்சு நின்றது.

மழையில் வேலை நிறுத்திய அந்தப் பிற்பகலிலேயே புதைத்தார்கள். சாவுத் தப்பு அடிக்கவில்லை. பெண்கள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதார்கள். மாரியாயியின் பக்கத்தில் குழி. மேட்டைத் தட்டிச் சமமாக்கி மேலே புல் பத்தை பெயர்த்து வைத்தார்கள். தோட்டத்து ரெஜிஸ்டரில் அவன் இந்தியாவுக்குப் போனவன். சாவு எழுத இடமில்லை. வீரய்யா இரண்டாம் முறை மொட்டையடித்தார். கந்தோரில் கேட்டவர்களுக்குக் கதிர்காமத்து நேர்த்தி என்றார்.

1981இல் ஜௌபர் சாருக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தது. வீரய்யா முதல்முறையாக அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னார். கட்டிக்கொண்டிருந்த புத்தகக் கட்டை விட்டுவிட்டு சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறு வருஷமா? அந்த மண்ணுக்குப் பக்கத்தால நான் தெனம் நடந்திருக்கேனே" என்றார் கடைசியில். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்கு அந்தப் பொய்ய நீங்க தெரிஞ்சே சிங்களத்துல சொல்ல வேண்டி வந்திருக்கும் சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண்டபத்திலிருந்த தம்பிக்கு எழுதினீர்களா என்று கேட்டார். இரண்டு கடிதம் போட்டதாகவும், இரண்டும் ஆளில்லை என்று திரும்பிவந்ததாகவும் வீரய்யா சொன்னார். தன் கையாலேயே பையில் போட்டு, தன் கையாலேயே திரும்ப வாங்கியிருந்தார்.

"உக்காருங்க வீரய்யா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.